பாரிசவாதத்துக்குப் பிறகு அப்பா தள்ளாடுகிறார், வீட்டில் என்ன பயிற்சி கொடுக்கலாம்?

முள்ளியவளை மகள்:
அப்பாவுக்கு 67 வயது. நான்கு மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து இடக் கையும் காலும் வழங்காமல் போய், இப்போது தடி பிடித்து நடக்கும் அளவுக்கு வந்திருக்கிறார். திரும்பும்போதுதான் பயம். போன கிழமை கிணற்றடியில் வாளியை எடுக்கத் திரும்பியவர் இடப்பக்கமாகச் சரிந்துவிட்டார், நல்லகாலம் தொட்டிக் கட்டைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து கதிரையை விட்டு எழும்பவே மாட்டேன் என்கிறார். கிளினிக்குக்கு மாதத்தில் ஒருக்காத்தான் போகிறோம். வீட்டில் நானே என்ன செய்யலாம்?

பரந்தன் பிசியோ:
தங்கச்சி, அந்தக் கதிரையிலேயே தொடங்குங்கள். கைப்பிடியுள்ள மரக்கதிரையைச் சுவரோடு ஒட்டி வையுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். உயரம் காணாவிட்டால் போர்வையை மடித்துப் போடுங்கள். முன்னால் அசையாத மேசை ஒன்று. இடது பாதத்தை வலது பாதத்தை விட நாலு விரல் பின்னுக்கு வைத்து, நன்றாக முன்னுக்குக் குனிந்து எழும்பச் சொல்லுங்கள். பாதம் பின்னுக்கு இருந்தால் அந்தக் காலும் பாரம் தாங்கியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் நல்ல காலாலேயே எழும்பிவிடுவார்கள், மற்றக் கால் சும்மா தரையைத் தொட்டுக்கொண்டு இருக்கும், மூளையும் அதையே பழகிவிடும். ஐந்து தரம் எழும்பி இருந்து களை ஆறட்டும், பிறகு இன்னொரு ஐந்து. சுகமாக வந்ததும் போர்வையை எடுத்துவிடுங்கள். அப்புறம் மேசையோடு நின்றபடி, இடப்பக்கம் தள்ளி வைத்த சிரட்டையை வலக்கையால் எட்டி எடுக்கட்டும். நீங்கள் இடப்பக்கம் சற்றுப் பின்னுக்கு நின்று, இடுப்பில் கட்டிய அகலமான பெல்டைப் பிடியுங்கள். வழங்காத கையைப் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள், தோள்மூட்டு விலகிவிடும்.

விசுவமடு அண்ணை:
அம்மாவை மூன்று வருடமாகப் பார்க்கிறவன் சொல்கிறேன். சாரத்தை உயர்த்திக் கட்டிவிடுங்கள், கழன்று போகும் றப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம், பின்வார் வைத்தது வாங்குங்கள். திரும்பும்போது ஒரே சுழற்சியாகத் திரும்பாமல் சின்னச் சின்ன அடியாக வைக்கட்டும், அந்த நேரம் யாரும் கதை கொடுக்கக் கூடாது. ஆறு மாதம் தாண்டினால் இனித் திருந்தாது என்று எங்களுக்கும் சொன்னார்கள். அம்மா தனியாகக் கிணற்றடிக்குப் போனது ஒரு வருடம் கழித்துத்தான்.

மாங்குளம் தாதி:
எழும்பியதும் தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள். சுற்றினால் கிளினிக்கில் இருந்தபடியும் நின்றபடியும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள், குளிசையின் அளவை மாற்ற வேண்டி வரலாம். திடீரென்று முகம் கோணினாலோ பேச்சுக் குளறினாலோ பயிற்சியை விட்டுவிட்டு உடனே 1990 அம்புலன்சுக்கு எடுங்கள்.

முள்ளியவளை மகள்:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை மூன்று தரம் எழும்பினார். நாலாவது தரம் சிரட்டைக்குப் பதிலாக ஆறின தேத்தண்ணியை இடப்பக்கம் வைத்தேன், எட்டி எடுத்து நின்றபடியே குடித்தார். முழங்கால் நடுங்குகிறது, பரவாயில்லையா?

பரந்தன் பிசியோ:
நடுங்கட்டும், அந்தக் கால் வேலை செய்கிறது. மடிந்து போகிற மாதிரி இருந்தால் இருத்திவிடுங்கள்.