சாமுராய் டாட்டூவுக்கு உண்மையில் என்ன அர்த்தம்? போடுவதற்கு முன்னால் கேட்கிறேன்

காட்பாடி_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 19 வயசு. இடது கையில், தோளிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு சாமுராய் டாட்டூ போட வேண்டும் என்று ரெண்டு வருஷமாக ஆசை. பக்கத்தில் ஒரு கடையில் விசாரித்தேன், அங்கே இருக்கிற அண்ணன் டேப்லெட்டில் ஒரு படம் காட்டினார். கொம்பு வைத்த இரும்புத் தொப்பி, அதற்குக் கீழே கோரைப்பல்லும் ரெண்டு கூர்க்கொம்பும் உள்ள முகமூடி, கிமோனோ, இடுப்பில் கத்தி, சுற்றிலும் இளஞ்சிவப்புப் பூ, ஓரத்தில் மேலிருந்து கீழாக ரெண்டு ஜப்பான் எழுத்து. பார்க்கவே மிரட்டலாக இருந்தது. 'இதுக்கு இன்னா அர்த்தம்ணா'ன்னு கேட்டேன். 'வீரம் தம்பி, கெத்து' என்றார், அவ்வளவுதான். எங்க ஆயா கையில் இருக்கிற பச்சையைப் பற்றிக் கேட்டால்கூட அரை மணி நேரம் கதை சொல்லும், இதற்கு ஒரு வார்த்தைதானா?

எட்டாயிரம் கேட்கிறார், ரெண்டு சிட்டிங். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், கிண்டல் பண்ணுகிறவர்கள் கொஞ்சம் ஓரமாகப் போங்கள்.

சத்துவாச்சாரி_டு_ஒசாகா:

தம்பி, நான் ஆறு வருஷமாக ஒசாகாவில் இருக்கிறேன். என் உடம்பில் ஒரு புள்ளிகூட கிடையாது, ஆனால் இந்த விஷயத்தில் பைத்தியம் உண்டு. அதனால் நீளமாகத்தான் எழுதுவேன்.

முதலில் ஒரு ஏமாற்றம். சாமுராய்கள் பொதுவாக டாட்டூ போட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் ஆண்ட எடோ (இன்றைய டோக்கியோவின் பழைய பேர்) காலத்தில் பச்சை என்பது குற்றவாளிக்குப் போடுகிற முத்திரை. 1720இலிருந்து திருடியவன் கையைச் சுற்றிப் பட்டை பட்டையாகக் குத்தி அனுப்பினார்கள், சில ஊர்களில் நெற்றியிலேயே குத்தினார்கள். 1870இல்தான் அந்தத் தண்டனை நின்றது. கௌரவமான சாமுராய் ஒருவன் உன் படத்தைப் பார்த்தால் 'யாரிடம் திருடினாய்' என்றுதான் கேட்பான்.

அப்புறம் யார் போட்டார்கள் என்றால், கூலிக்காரர்கள், பல்லக்குத் தூக்கிகள், சூதாடிகள், எல்லாருக்கும் மேலே எடோ நகரத்துத் தீயணைப்புக்காரர்கள். ஊர் முழுக்க மரமும் காகிதமும் வைத்துக் கட்டிய வீடு, நெருப்பு பிடித்தால் தெருத்தெருவாகப் போகும். இவர்கள் பருத்தியைப் பல மடிப்பாகத் தைத்த கோட்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போவார்கள். அந்தக் கோட்டின் உள்பக்கத்தில் டிராகனோ வீரனோ வரைந்திருக்கும். வேலை நடக்கும்போது படம் உடம்பைத் தொட்டுக்கொண்டு உள்ளே இருக்கும், நெருப்பு அணைந்த பிறகு கோட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பார்கள். அதே படம்தான் அவர்கள் முதுகிலும். டிராகன் தண்ணீரின் அரசன், அதனால் நெருப்புக்குப் போகிறவனுக்குத் துணை. இடுப்பில் கத்தி வைத்துக்கொள்ள உரிமை இல்லாதவன் வீரனைத் தோலில் வைத்துக்கொண்டான் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இந்த வீரர் படங்களுக்கு மூலம் பெரும்பாலும் ஒரே ஆள், குனியோஷி என்கிற ஓவியர். 1827 வாக்கில் 'சூயிகோடென்' என்ற சீனக் கதையின் 108 கலகக்காரர்களை மர அச்சில் வரிசையாக வெளியிட ஆரம்பித்தார். அதில் பலருக்கு உடம்பு முழுக்க டாட்டூ வரைந்துவிட்டார். ஒருவனுக்கு ஒன்பது டிராகன். ஊரே பைத்தியம் பிடித்து அதைப் போய்க் குத்திக்கொண்டது. கவனித்தாயா, அவர்கள் சாமுராய் இல்லை, ஊழல் அதிகாரிகளை எதிர்த்து மலையில் பதுங்கிய கொள்ளைக்காரர்கள்.

1872இல் அரசாங்கம் தடையே போட்டது. வெள்ளைக்காரன் பார்த்தால் காட்டுமிராண்டி என்று நினைப்பான் என்று பயம். வேடிக்கை என்னவென்றால் அதே வெள்ளைக்காரர்கள் வந்து வரிசையில் நின்று குத்திக்கொண்டார்கள், பிற்காலத்தில் இங்கிலாந்து அரசரான ஐந்தாம் ஜார்ஜ் 1881இல் கப்பலில் வந்து இறங்கி கையில் டிராகன் போட்டுக்கொண்டு போனார். தடை 1948இல்தான் போனது. அதற்குள் யாகூசா என்கிற ரவுடிக் கும்பல்களோடு ஒட்டிக்கொண்ட கெட்ட பெயர் இன்னும் போகவில்லை. இங்கே பொது வெந்நீர்க் குளியல் இடங்களில் டாட்டூ இருந்தால் பல இடங்களில் உள்ளே விடமாட்டார்கள்.

இப்போ உன் படத்துக்கு வருகிறேன். பூ செர்ரி, அதாவது சகுரா. அது வாடித் தொங்குவதில்லை, நன்றாக இருக்கும்போதே உதிரும், அதனால் வீரனோடு சேர்ந்துகொண்டது. சகுரா இருந்தால் படம் வசந்த காலம், மேப்பிள் இலை இருந்தால் இலையுதிர் காலம், சிங்கத்துக்குப் பக்கத்தில் பியோனிப் பூ வரும், நீரோட்டத்தை எதிர்த்து ஏறுகிற கெண்டை மீன் டிராகனாக மாறும் என்று ஒரு கதை. பின்னணியைப் படிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அந்தப் படம் பேசும், நடுவில் இருக்கிற ஆள் பாதிக் கதைதான்.

அந்த முகமூடிதான் பிரச்சினை. கோரைப்பல், ரெண்டு கூர்க்கொம்பு என்றால் அது 'ஹன்னியா'. போர் முகமூடி இல்லை, 'நோ' என்கிற பழைய ஜப்பானிய நாடகத்து முகமூடி. பொறாமையால் பேயாகிப்போன ஒரு பெண்ணின் முகம் அது. லேசாகக் குனிந்தால் அழுகிற மாதிரியும் நிமிர்ந்தால் கோபப்படுகிற மாதிரியும் தெரியும், அவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கியிருப்பார்கள். சாமுராய் போருக்குப் போடுவது 'மென்போ', அது மூக்கிலிருந்து தாடை வரைக்கும்தான் மூடும். உன் படத்தில் ராணுவத் தொப்பிக்குக் கீழே ஒரு பொண்டாட்டியின் கோபம் இருக்கிறது. தெரிந்து போட்டால் தப்பே இல்லை.

எழுத்து ரெண்டு என்றால் பெரும்பாலும் 'புஷி', போர்வீரன். முதல் எழுத்தை 'ஈட்டியை நிறுத்து' என்று பிரித்து, வீரன் என்பவன் சண்டையை நிறுத்துகிறவன் என்று அழகாக விளக்கம் சொல்வார்கள். அதில் 'நிறுத்து' என்று படிக்கிற பகுதி ஆதியில் ஒரு பாதத்தின் படம், அதாவது ஈட்டியோடு நடந்து போகிறவன் என்று எழுத்து ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். ரெண்டும் நன்றாகத்தான் இருக்கிறது. 'சாமுராய்' என்பதற்கு ஒரே எழுத்து, இடப்பக்கம் மனிதன், வலப்பக்கம் கோயில். அந்தச் சொல்லுக்கு வேர் 'பக்கத்தில் நின்று பணி செய்கிறவன்'. எதுவாக இருந்தாலும் ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் குத்தாதே.

ஊசியும்_மையும்:

மேலே அண்ணன் கதை எல்லாம் சொல்லிவிட்டார், நான் தொழில் சொல்கிறேன், பதினோரு வருஷமாக டாட்டூ போடுகிறேன். இந்த சாமுராய் படத்தில் எங்கள் ஆட்கள் அதிகமாகச் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது, நானே செய்திருக்கிறேன். உருவத்தின் முகம் நெஞ்சுப் பக்கம் பார்த்தால்தான் கையில் அழகு. அதற்காகக் கம்ப்யூட்டரில் படத்தை அப்படியே இடவலமாகத் திருப்பி ஸ்டென்சில் எடுத்துவிடுவோம். திருப்பினால் என்ன ஆகும்? கத்தி இடது இடுப்பிலிருந்து வலது இடுப்புக்குப் போய்விடும். அதைவிட மோசம் கிமோனோ. இடதுபக்கத் துணி மேலே வர வேண்டும், எதிரே நின்று பார்த்தால் கழுத்துப் பட்டி இங்கிலீஷ் சின்ன 'ஒய்' மாதிரி தெரியும். மாற்றிச் சுற்றினால் அது பிணத்துக்கு உடுத்துகிற முறை. ஒரு கஸ்டமருக்கு மூணு சிட்டிங் போட்டு முடித்த பிறகு அவர் கம்பெனிக்கு வந்த ஜப்பான்காரர் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் ரொம்ப நேரம் அமைதியாக இருந்தாராம். இவர் வந்து என்னிடம் சத்தம் போட்டார், நியாயம்தான். காசு வாங்காமல் அந்தக் கழுத்துப் பகுதியைக் கருப்பு மேகமாக மாற்றிக் கொடுத்தேன்.

இன்னொன்று. மேல்கையில் முகம், கவசக் கயிறு, பூ, எழுத்து எல்லாவற்றையும் திணித்தால் பத்து வருஷத்தில் கோடெல்லாம் பரவி ஈயப் பாத்திரத்தில் ஒட்டிய புளி மாதிரி ஆகிவிடும். ஜப்பான்காரன் முதுகு முழுக்கப் போடுவது சும்மா இல்லை. படம் பெரிசாக இருக்கும், சுற்றிலும் காற்றும் அலையும் கருப்பாக ஓடும், அதனால்தான் கிழவனானாலும் தூரத்திலிருந்து தெரிகிறது.

தோல்_ஷாப்பு_ராணிப்பேட்டை:

மை எங்கே போய் உட்காருகிறது என்று எங்களைக் கேளுங்கள். சுண்ணாம்பில் போட்டு முடியோடு மேல்தோலை எடுத்த பிறகு மிச்சம் இருக்கிற அடித்தோல்தான் ஷூ ஆகிறது. டாட்டூ மை நிற்பதும் அதே அடித்தோலில்தான், மேல்தோல் உரிந்துகொண்டே இருக்கும். அதனால் தேய்த்தால் போகும், எலுமிச்சம்பழம் போட்டால் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அவ்வளவுதான், ஷிப்டுக்கு நேரமாச்சு.

செங்கம்_நடுகல்:

கிண்டல் இல்லை தம்பி, ஒரு சந்தேகம். வீரன் படம்தான் வேண்டும் என்றால் கடல் தாண்டிப் போக வேண்டுமா? பழைய வடாற்காடு முழுக்க நடுகல் நிற்கிறது. எங்கள் செங்கம் பக்கம் வா, காட்டுகிறேன். மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் வைத்து, கையில் வில்லும் வாளும், சில கல்லில் உடம்பில் தைத்த அம்புகூடச் செதுக்கி, 'தொறு மீட்டுப் பட்டான்', அதாவது மந்தையை மீட்டுச் செத்தான் என்று எழுதியிருப்பார்கள். எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது, மகேந்திரவர்ம பல்லவன் காலம். எருமை மந்தைக்காகச் செத்த கருந்தேவகத்தி என்பவனுக்கு வைத்தது. அவன் பக்கத்திலேயே ஒரு நாய். நாய்க்கும் பேர் எழுதியிருக்கிறார்கள், கோவிவன். ரெண்டு திருடர்களைக் கடித்துவிட்டுக் காவல் இருந்தது என்று வட்டெழுத்தில் இருக்கிறது. எனக்கு டாட்டூவில் ஆசை இல்லை, ஆனால் போட்டால் அந்த நாயைத்தான் போடுவேன்.

கோட்டை_அகழி:

வந்துட்டாரு. பையன் பிரியாணி கேட்டா நீ கேழ்வரகுக் களியோட பெருமை பேசு. அவன் சின்ன வயசிலிருந்து ஜப்பான் கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவன், அவனுக்கு அதுதான் பிடிக்குது, விடு.

(அந்த நாய்க் கதை மட்டும் சூப்பர்.)

காட்பாடி_பையன்:

அடேயப்பா, இவ்வளவு வரும் என்று நினைக்கவே இல்லை. ஒசாகா அண்ணா, ரொம்ப நன்றி. அது ஹன்னியாதான், தேடிப் பார்த்துவிட்டேன். தீயணைப்புக்காரர் கோட்டு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது, படம் உள்ளே இருக்கும் என்கிற அந்த ஒன்று. கடைக்காரர் காட்டிய படத்தில் கழுத்தையும் பார்த்தேன், 'ஒய்' இல்லை, திரும்பித்தான் இருக்கிறது!!

முகமூடியை எடுத்துவிட்டு, கிமோனோவை நேராக்கி, எழுத்தே இல்லாமல் அதே மேல்கையில் போடலாம் என்று இருக்கிறேன். சீக்கிரம் போட்டால் நல்லது, ஏனென்றால் அடுத்த ஆர்மி ஆள்சேர்ப்புக்கு எழுதிப் போடப் போகிறேன், அதற்குள் புண் ஆறிவிடும் இல்லையா?

ஹவில்தார்_ரிட்டயர்டு:

தம்பி நில்லு. இதை ஏன்பா கடைசியில் சொல்கிறாய்?

நான் கம்மவான்பேட்டை. எங்கள் ஊரை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு வீடு பட்டாளத்து ஆள். எத்தனை பிள்ளைகள் ஓட்டத்தில் முதலாக வந்து மெடிக்கலில் இந்த டாட்டூவால் திரும்பி வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். முன்கையின் உட்பக்கம், அதாவது முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், அப்புறம் புறங்கை. இந்த ரெண்டு இடத்தில்தான் நிரந்தர டாட்டூவுக்கு அனுமதி. பழங்குடிப் பிள்ளைகளுக்கு அவர்கள் வழக்கப்படி சலுகை உண்டு, உனக்கு அது கிடையாது. தோள், மேல்கை, நெஞ்சு, முதுகு எங்கே இருந்தாலும் அனுப்பிவிடுவார்கள். அது சாமுராயா முருகனா என்று டாக்டர் கேட்க மாட்டார். லேசர் வைத்து எடுத்தாலும் தழும்பு தெரியும். அறிவிப்பில் டாட்டூ என்று ஒரு பத்தி வரும், அதை முழுசாகப் படி, அதற்கு முன்னால் ஊசியைத் தொடாதே. ரத்தம் கொடுக்கிற பழக்கம் இருந்தால் டாட்டூ போட்ட பிறகு ஒரு வருஷம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதையும் சொல்லி வைக்கிறேன்.

கோட்டை_அகழி:

நெற்றியில் குறி வைக்காதே, தாடியை எடு, தோல் பட்டை வைத்த புதுத் தொப்பியைப் போடு என்று சொன்னதற்கு 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையையே கலக்கின ஊர் இது. இப்போ கையில் படம் இருந்தால் உள்ளேயே விடமாட்டான்னு சொல்றாங்க.

ஹவில்தார்_ரிட்டயர்டு:

அது வேற, இது வேற. பையனைக் குழப்பாதே.

காட்பாடி_பையன்:

தெரியாதுங்க ஐயா. சத்தியமாகத் தெரியாது. கடையில்கூட யாரும் கேட்கவில்லை.

இப்போதுதான் முன்கை உட்பக்கத்தை இன்ச் டேப் வைத்து அளந்தேன், ஒன்பதரை வருகிறது. என்ன பண்ணுகிறாய் என்று ஆயா கேட்டது, சொன்னேன். தன் கையை நீட்டிக் காட்டியது. அது பச்சை குத்தியிருப்பதும் அதே இடத்தில்தான், சின்னதாக ஒரு கோலம், இப்போ பச்சையும் நீலமுமாக மங்கிப்போயிருக்கிறது. குத்தும்போது அலறி ஓடினதாம், ரெண்டு பேர் பிடித்து உட்கார வைத்தார்களாம். 'எனக்கு ஆர்மி இல்லை, நீ சேர்ந்துட்டு வந்து குத்திக்கோ' என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டது.

சரி, தள்ளிப் போடுகிறேன்.

ஊசியும்_மையும்:

நல்லது. அட்வான்ஸ் ஏதாவது கொடுத்திருக்கிறாயா?

காட்பாடி_பையன்:

ஆயிரம்.

ஊசியும்_மையும்:

போச்சு.