இடது மார்பில் 2 மணி, வலது மார்பிலும் 2 மணி: கோடு (code) ஏன் வேறு?

கேள்வி

அமெரிக்க நோயாளி சார்ட்டுகளில் நோய்க்கு ஐசிடி-10-சிஎம் கோடு (code) போடும் மெடிக்கல் கோடிங் வேலை என்னுடையது. ஆன்காலஜி (புற்றுநோய்) சார்ட்டுக்கு மாறி மூன்று வாரம் ஆகிறது. அடுத்தடுத்து இரண்டு நாள் ஆடிட்டில் பிழை.

முதல் சார்ட்டில் டாக்டர் ‘இடது மார்பகப் புற்றுநோய்’ என்று மட்டும் எழுதியிருந்தார். இடம் தெரியவில்லை என்று சி50.912 போட்டேன். பயாப்சி ரிப்போர்ட்டைத் திறந்திருந்தால் ‘2 மணி, முலைக்காம்பிலிருந்து 4 செ.மீ.’ என்று இருந்திருக்கும் (மார்பைக் கடிகார முகமாக நினைத்து இடம் குறிப்பது). அது மேல்-வெளிக் கால்பகுதி (மார்பை நான்காகப் பிரித்ததில் ஒன்று), சி50.412 என்று ஆடிட்டர் திருத்தினார். மறுநாள் வலது மார்பு, அதிலும் 2 மணி. முந்தின நாள் கற்றதை வைத்து சி50.411 போட்டேன். அதுவும் தப்பாம், சி50.211 வரணுமாம். ஒரே 2 மணி எப்படி ஒன்றில் வெளிப்பக்கம், இன்னொன்றில் உள்பக்கம் ஆகும்? 12 மணி என்று வந்தால் எதில் சேர்ப்பது?

பதில் 1

தம்பி, மணியை மனப்பாடம் பண்ணாதீங்க. அக்குள் எந்தப் பக்கம் என்று பாருங்க, போதும். டாக்டர் நோயாளியை நேருக்கு நேர் பார்ப்பது போலத்தான் கடிகாரம் வரையப்படுது. எதிரே நிற்பவருடைய இடது மார்பு உங்க வலது கைப் பக்கம் இருக்கும். அதனால் இடது அக்குள் 3 மணிப் பக்கம், வலது அக்குள் 9 மணிப் பக்கம். அக்குள் பக்கம் வெளி, நெஞ்செலும்புப் பக்கம் உள். இடதில் 2 மணி அக்குளை நோக்கிப் போகுது, வலதில் 2 மணி நெஞ்செலும்பை நோக்கிப் போகுது. அவ்வளவுதான்.

என் மானிட்டருக்குக் கீழே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கு: இரண்டு வட்டம், நடுவில் ஒரு பிரிப்புக்கோடு, இரண்டு ஓரத்திலும் ‘அ’ என்று அக்குளுக்கு ஓர் எழுத்து. ஓரமெல்லாம் பழுத்துப்போச்சு. பதினோரு வருஷம் ஆகியும் கீழ்க் கால்பகுதி வந்தால் அதைப் பார்த்துட்டுத்தான் போடுவேன். இடதில் 5 மணி கீழ்-வெளி, சி50.512; 7 மணி கீழ்-உள், சி50.312.

கடைசி இரண்டு இலக்கத்தையும் விட்டுடாதீங்க. சி-யையும் சேர்த்து எண்ணினால் ஐந்தாவதில் 1 பெண், 2 ஆண். ஆறாவதில் 1 வலது, 2 இடது. ஆரம்பத்தில் நான் ஒருமுறை இடதுக்கு வலது போட்டுட்டேன். அறுவைசிகிச்சைக் கோடில் இடது மாடிஃபையர் (எந்தப் பக்கம் என்று காட்டும் சேர்ப்பு) இருந்ததால் இன்சூரன்ஸ் க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டு, கீமோவில் இருந்த அந்தம்மா வீட்டுக்கே பில் போயிருக்கு. அது இன்னும் மனசை உறுத்துது.

பதில் 2

அக்கா சொன்னதோடு ஒன்று. பயாப்சி ரிப்போர்ட்டை வைத்துக் கோடு போடுவது வெளிநோயாளி சார்ட்டில் சரி. பேத்தாலஜிஸ்டும் டாக்டர்தான், ரிப்போர்ட் இறுதியானதாக இருக்கணும். உள்நோயாளி என்றால் ரிப்போர்ட்டை மட்டும் நம்பி நோயை முடிவு செய்யக்கூடாது, சிகிச்சை டாக்டருக்குக் க்வெரி (விளக்கம் கேட்டு எழுதும் கேள்வி) அனுப்புங்க.

12 மணி விஷயம்: அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டுக்கான சீர் (SEER) கையேடு 12, 3, 6, 9 நான்கையும் சி50.8-இல்தான் வைக்குது. க்ளெய்முக்கு முதலில் அறுவைசிகிச்சைக் குறிப்பில் எந்தக் கால்பகுதி என்று எழுதியிருக்கா பாருங்க. இல்லையென்றால் க்வெரிதான்.

சி50.8 என்பது ஒரே கட்டி அடுத்தடுத்த இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடத்தில் படர்ந்தால் போடுவது. ஒரே மார்பில் தனித்தனியாக இரண்டு கட்டி, வேறு வேறு கால்பகுதியில் என்றால், ஒவ்வொன்றுக்கும் தனிக் கோடு.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணா. வட்டம் வரைந்து ஒட்டிவிட்டேன். பழைய சார்ட்டுகளையும் திறந்து பார்த்தேன். ஒன்றில் ‘அக்குள், பாசிட்டிவ்’ என்று இருக்க, நான் சி50.6 போட்டிருக்கிறேன். சரியா?

பதில் 1

சி50.6 அக்குள் வால், அதாவது மார்புத் திசுவே அக்குள் பக்கம் நீண்டிருக்கும் பகுதி. உங்க ரிப்போர்ட்டில் நிணநீர்க் கணு என்று இருந்தால் அது பரவல். மார்புக்கு ஒரு கோடு, கணுவுக்கு சி77.3. ஸ்பெசிமன் (சோதனைக்கு எடுத்த மாதிரி) என்று எழுதியிருக்கும் வரியைப் பாருங்க, கணுவா திசுவா என்று அங்கேதான் இருக்கும். பார்த்துட்டு இங்கே எழுதுங்க தம்பி, அந்தச் சார்ட்டை இன்றைக்கே திருத்தணும்.