கிரேக்கப் புதிய ஏற்பாட்டுக் கோப்பில் தேடல் ஏன் பொய்க்கிறது?

கேள்வி: மார்ஃப்ஜிஎன்டி (கிரேக்கப் புதிய ஏற்பாட்டைச் சொல் சொல்லாக இலக்கணக் குறிப்போடு தரும் தரவு) கோப்பில் 'தெயோஸ்' (கடவுள்) என்று அழுத்தக்குறியோடு தட்டினால் ஒன்றும் வரவில்லை. அதே சொல் கண்ணெதிரே இருக்கிறது. பைத்தான் நிரல்மொழியில்தான் தேடுகிறேன்.

பதில் 1: கூர் அழுத்தமுள்ள ஓமிக்ரானுக்கு யூனிகோடில் இரண்டு குறியீடுகள் உண்டு; பார்வைக்கு ஒன்றே. தேடும் சொல், கோப்பு இரண்டையும் என்எஃப்சி (எழுத்தையும் குறியையும் ஒரே குறியீடாகச் சேர்க்கும்) வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

பதில் 2: அது பாதிதான். தொடரின் நடுவில் இச்சொல்லின் கூர் அழுத்தம் தாழ் அழுத்தமாகிவிடும். வேற்றுமை மாறினால் 'தெயூ', 'தெயோன்' என்று ஈறே மாறும். கோப்பில் வரிக்கு 7 பத்திகள் (நெடுவரிசைகள்) இருக்கின்றன அல்லவா? 4ஆவது நிறுத்தக்குறியோடு உள்ள மூலச்சொல், 6ஆவது அழுத்தம் சீராக்கிய வடிவம், 7ஆவது அகராதிச்சொல். 7இல் தேடுங்கள், எல்லா வேற்றுமைகளும் சிக்கும்.

கேட்டவர்: குறிகளை மொத்தமாக நீக்கிவிட்டால்?

பதில் 2: தயவுசெய்து வேண்டாம். கிரேக்கத்தில் 'ஹ' ஒலியும் ஒரு குறிதான் என்பதால் 'என்' (உள்ளே), 'ஹென்' (ஒன்று) இரண்டும் ஒன்றாகிவிடும்; 'யார்?' என்ற 'திஸ்' சொல்லும், அழுத்தத்தில் மட்டும் வேறுபடும் 'யாரோ' என்ற 'திஸ்' சொல்லும் அப்படியே. நீக்கியே ஆக வேண்டுமென்றால் என்எஃப்டி (எழுத்து வேறு, குறி வேறு என்ற) வடிவத்துக்குப் பிரித்து நீக்கி, மூலப் பத்தியைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். சொல்லிறுதிச் சிக்மாவுக்குத் தனிக் குறியீடு. அதையும் சாதாரணச் சிக்மாவாக்க மறக்காதீர்கள்.