சிர்ஹிந்த் – பதேகர் சாகிப்: நேரில் கண்டவர்களின் அனுபவங்கள்

லூதியானாவாசி:
பஞ்சாபில் சிர்ஹிந்தை அடுத்த பதேகர் சாகிபில் டிசம்பர் இறுதியில் நடக்கும் தியாகிகள் சபைக் கூட்டத்தில், ஜோதி சரூப் குருத்வாராவின் வெளிமுற்றத்தில் கண்டதை எழுதுகிறேன். சிர்ஹிந்தின் முகலாய ஆளுநர் நவாப் வசீர் கான், சீக்கியர்களின் பத்தாம் குரு கோவிந்த் சிங்கின் இளைய மைந்தர்கள் சோராவர் சிங், பதே சிங் இருவரையும் உயிரோடு வைத்துச் சுவர் எழுப்பியதை இங்குள்ளோர் அறிவீர்கள். சிறுவர்களையும் பாட்டி மாதா குஜ்ரியையும் தகனம் செய்ய நிலம் கேட்ட செல்வந்தர் தோடர் மாலிடம், பொற்காசுகளைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து எவ்வளவு இடத்தை நிரப்புகிறாயோ அவ்வளவுதான் உனக்கு என்று நவாப் சொன்னதாகப் பஞ்சாபில் வழிவழியாகச் சொல்கிறார்கள். ஒரு முதிய விவசாயி அதைத் தம் பேரனுக்கு விளக்குவதற்காக, ஐந்து ரூபாய் நாணயங்களைத் தரையில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திக்கொண்டிருந்தார். ஆறேழு வயதிருக்கும் அந்தப் பையன் சற்று நேரம் பார்த்துவிட்டு, இடம் போதுமா என்று அறிய நாணயங்களின் அருகில் தானே நீட்டிப் படுத்துவிட்டான். முதியவர் பதறி அவனை வாரித் தூக்கியபோது நாணயங்கள் எல்லாம் சிதறின. அவர் ஒன்றைக்கூடப் பொறுக்கவில்லை. பையனை மார்போடு அணைத்தபடி கூட்டத்துக்குள் போய்விட்டார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை:
ஐயா எழுதியது நெஞ்சைத் தொட்டது. ஆயினும் இத்தகைய இணைய இழைகளில் அடிக்கடி நேரும் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும்: இந்தத் தோடர் மால், அதே பெயர் கொண்ட அக்பரின் அமைச்சர் அல்லர். அந்த அமைச்சர் இதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, 1589-இல் இறந்துவிட்டார். இத்தனை காசுகள் என்று சிலர் சொல்லும் எண்ணிக்கையும் மரபுச் செய்தியே என்பதால் அதைக் கணக்குப் பதிவேடுபோலப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது.

என் அனுபவம் சிறியது. அதே சபையில் சாலையோர லங்கர் (இலவசச் சமூக உணவுக்கூடம்) ஒன்றில் இனிப்புச் சோறு பரிமாறிய முஸ்லிம் பெண்மணி, தாம் மலேர்கோட்லாவிலிருந்து வருவதாகச் சொன்னார். தந்தையின் செயலுக்குப் பிள்ளைகளைத் தண்டிப்பது நெறியன்று என்று வசீர் கானின் அவையில் எதிர்த்துப் பேசிய நவாப் ஷேர் முகம்மது கானின் ஊர் அது. 1947-இல் கிழக்குப் பஞ்சாப் முழுவதும் பற்றி எரிந்தபோது மலேர்கோட்லா அமைதியாக இருந்ததற்கு அந்தக் குரலின் நினைவே காரணம் என்று அங்குள்ளோர் நம்புகிறார்கள். "எங்கள் நவாபுக்காக வருகிறோம்" என்று சொல்லிக்கொண்டே, நான் போதும் என்ற பிறகும் அவர் இன்னொரு கரண்டி வைத்தார்.

இருப்புப்பாதைப் பயணி:
அம்மையார் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் சிர்ஹிந்தின் வரலாற்றை நல்லிணக்கத்தோடு மட்டும் முடித்துக்கொள்வது நியாயமாகாது. 1710-இல் சீக்கியத் தளபதி பந்தா சிங் பகதூர் சப்பர் சிரியில் வசீர் கானை வீழ்த்தி நகரைப் பிடித்தார். 1764-இல் சீக்கியப் படைகள் ஆப்கானிய ஆளுநர் ஜெயின் கானைக் கொன்று நகரை இடித்துத் தள்ளின. அதன்பின் நெடுங்காலம் அவ்வழியே சென்ற சீக்கியர்கள், 'குருமாரி' என்று தாங்கள் சபித்த அந்நகரின் செங்கல்லை எடுத்துப்போய் ஆற்றில் எறிவதைக் கடமையாகக் கொண்டிருந்தார்கள். என்னோடு ரயிலில் வந்த பெரியவர் ஒருவர், சிர்ஹிந்த் சந்திப்பு நெருங்கியதும் தம் பாட்டனார் அப்படி ஒரு செங்கல்லைச் சட்லெஜில் போட்டதைச் சொன்னார். சொல்லும்போது அவர் கை தானாகவே எறிவதுபோல உயர்ந்தது. அந்தக் கோபத்தையும் நாம் மதித்துப் பதிவுசெய்ய வேண்டும்.

பாட்டியாலா வங்கி ஊழியர்:
குருத்வாராவுக்கு அருகிலேயே, பஸ்ஸி பட்டாணா செல்லும் சாலையில், சூஃபி அறிஞர் ஷேக் அகமது சிர்ஹிந்தியின் அடக்கத்தலமான ரௌசா ஷரீப் இருக்கிறது. 1606-இல் சீக்கியர்களின் ஐந்தாம் குரு அர்ஜன் கொல்லப்பட்டதை வரவேற்றுக் கடிதம் எழுதியவர் அவர். அங்கு நான் வழி கேட்டபோது, நீலத் தலைப்பாகை அணிந்த கடைக்காரர் கடையை விட்டிறங்கி வாசல்வரை அழைத்துச் சென்றார்.

புதிதாகச் செல்வோருக்குச் சில சொற்கள். நேரே சிர்ஹிந்துக்குப் போகாதீர்கள். ஆனந்தபூர் சாகிபை விட்டு வெளியேறிய குருவின் குடும்பம் சர்சா ஆற்றின் வெள்ளத்தில் பிரிந்த பரிவார் விச்சோராவை முதலில் காணுங்கள். பிறகு மூத்த மைந்தர்கள் அஜித் சிங், ஜுஜார் சிங் போரில் மடிந்த சம்கோருக்குச் செல்லுங்கள். அதன்பின் பதேகர் சாகிப். அங்கே நிலவறையில் காக்கப்படும் சுவரையும், சிறுவர்களும் பாட்டியும் அடைக்கப்பட்ட தண்டா புர்ஜ் (குளிர்க் கோபுரம்) இருந்த இடத்தையும் பாருங்கள். இன்று நிற்பது புதுக் கட்டடம் என்பதை நினைவில் வையுங்கள். சிறையில் இருந்தவர்களுக்கு இரகசியமாகப் பால் கொடுத்ததற்காகக் குடும்பத்தோடு செக்கிலிட்டுக் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் சமையற்பணியாளர் மோதி ராம் மேஹ்ராவின் நினைவிடத்தைப் பலரும் தவறவிடுகிறார்கள், தவறவிடாதீர்கள். டிசம்பரில் பனிமூட்டம் மிகுந்து ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். தலையை மூடத் துணியும் கனத்த கம்பளியும் கட்டாயம் வேண்டும். அந்தச் சிறுவர்களின் நினைவாகச் சபை நாட்களில் பல குடும்பங்கள் வீட்டிலேயே தரையில்தான் படுத்துறங்குகின்றன. ஆகவே சத்திரத்தில் கட்டில் கிடைக்கவில்லை என்று முறையிடாமல், அவர்களோடு தரையில் படுத்துக்கொள்ளுங்கள்.