பல் டாக்டர்தான் கண்டுபிடித்தார்

திருச்சி அம்மா:

ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகள் பல் கூசுகிறது என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் பேஸ்ட்டை மாற்றிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன். கடைசியில் டாக்டரிடம் போனோம். கண்ணாடி வைத்துப் பார்த்தவர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் அரைமணி நேரம் தனியாகப் பேசினார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, மேல் முன்பற்களின் உள்பக்கம்தான் எனாமல் கரைந்திருக்கிறது, அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்கு இப்படி ஆகும் என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். சாப்பிட்ட கையோடு குளிக்கப் போவாள், குழாய் ஓடிக்கொண்டே இருக்கும், "தண்ணியை வீணாக்காதடி" என்று கதவுக்கு வெளியே நின்று கத்தியிருக்கிறேன். ஒன்பது மாதம்!

எலும்பும் தோலுமாக இருந்தால்தான் இந்த மாதிரி நோய் என்று நினைத்திருந்தேன். இவள் சாதாரண உடம்பு. அடங்காமல் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கும் இதற்குப் புலிமியா என்று பெயர், 1979-ல் லண்டனில் ஜெரால்டு ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் முதலில் விவரித்து எழுதியது, எடை பெரும்பாலும் சராசரியாகவே இருப்பதால் வீட்டில் தெரிவதில்லை என்று மனநல டாக்டர் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: அடிக்கடி வாந்தி எடுத்தால் எச்சில் சுரப்பி வீங்கிக் கன்னம் உப்பும். இவளோ முகம் குண்டாகிறதே என்று இன்னும் அதிகமாகச் செய்திருக்கிறாள். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது, அது இதயத் துடிப்பையே குழப்பும் என்று ஈசிஜியும் எடுத்தார்கள்.

எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால், ஒரு கல்யாணப் பந்தி. இரண்டாவது தடவை பாயசம் வாங்கினாள், "இவளுக்குத் தனிப் பந்திதான் போடணும்" என்றார் என் அக்கா. எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

ஒரு டீச்சர்:

எங்கள் பள்ளியில் எடை பார்க்கும் நாளன்று நான்தான் எண்ணைச் சத்தமாகப் படிப்பேன், லீடர் எழுதுவாள், பின்னால் வரிசையில் கிசுகிசு கிளம்பும். அன்று மதியம் சில பிள்ளைகள் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை என்பதை மூன்றாவது வருஷம்தான் கவனித்தேன். இப்போது ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு நானே எழுதிக்கொள்கிறேன். நேரம் கூடுதலாகிறது, ஆகட்டும்.

பெயர் வேண்டாம்:

எனக்குப் பதினாறு வயதில் பிசிஓடி, சினைப்பை நீர்க்கட்டி என்பார்களே அது. டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "வெயிட்டைக் குறை" என்றார், எப்படி என்று சொல்லவில்லை. பகலெல்லாம் பட்டினி கிடப்பேன், ராத்திரி எல்லாரும் தூங்கியதும் குக்கரில் இருக்கும் மிச்சச் சோறு, சர்க்கரை டப்பா, எது கிடைத்தாலும். எனக்குக் கட்டுப்பாடே இல்லை என்று அழுவேன். அமெரிக்காவில் மின்னசோட்டாவில் 1944-45-ல் 36 ஆண்களை ஆறு மாதம் அரைவயிறாக வைத்துப் பார்த்த ஆய்வைப் பற்றி வருஷங்கள் கழித்து ஒரு ஆலோசகர் சொன்னார். அவர்கள் சமையல் புத்தகங்களைத் தேடிப் படித்தார்களாம், சிலர் ஆய்வு முடிந்த பிறகும் அடங்காமல் சாப்பிட்டார்களாம். பட்டினி போட்டால் உடம்பு அப்படித்தான் கேட்கும் என்று அன்று புரிந்ததும் மனசு எவ்வளவு லேசானது தெரியுமா. அக்கா, உங்கள் பொண்ணு இப்போது எப்படி இருக்கிறாள்?

திருச்சி அம்மா:

வாராவாரம் டாக்டரிடம் போகிறோம். வாந்தி எடுத்த உடனே பல் தேய்க்கக் கூடாது, தண்ணீரால் கொப்பளித்தால் போதும் என்று பல் டாக்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார், பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன். யாரிடம் பேசுவது என்று தெரியாதவர்களுக்கு 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசலாம்.

சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் கூடவே இருக்கச் சொன்னார்கள். பல்லாங்குழி ஆடுகிறோம், என்னை ஏமாற்றித்தான் ஜெயிக்கிறாள். போன வாரம் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டாள். அவளே வந்து சொன்னாள், நான் எதுவும் கேட்கவில்லை.