வழி சொல்லும் ஜர்னலா, இடம் காட்டும் மார்க்கரா?

கோத்தகிரி_சில்வர்ஓக்

ஓப்பன் வேர்ல்டு ஆர்பிஜிகளில், அதாவது பரந்த உலகில் ஒரு பாத்திரமாக உலவி ஆடும் வீடியோ விளையாட்டுகளில், போக வேண்டிய இடத்தை அம்புக்குறியால் காட்டும் மார்க்கர் நிலைபெற்ற பிறகு, ஏற்ற வேலைகளைப் பதியும் குறிப்பேடான ஜர்னலிலும் உரையாடலிலும் எழுத்து மெலிந்துவிட்டது என்பது என் குற்றச்சாட்டு. 2002இல் வெளிவந்த மாரோவிண்ட் என்ற விளையாட்டில் முதல் வேலையாக நம்மிடம் ஒரு பொதியைக் கொடுத்து, பால்மோரா என்ற ஊரில் இருக்கும் கையஸ் கொசேடிஸிடம் சேர்க்கச் சொல்கிறார்கள். அவர் வீட்டின் மேல் அம்புக்குறி எதுவும் மிதப்பதில்லை. சவுத் வால் என்ற விடுதிக்குப் போய் விசாரித்துக்கொள் என்று ஒரு சீட்டு மட்டும் கையில் இருக்கிறது. சில்ட் ஸ்ட்ரைடர் என்ற ராட்சதப் பூச்சியின் முதுகில் காசு கொடுத்துப் பயணம் செய்யலாம், அல்லது சாலையோரப் பலகைகளைப் படித்தபடி நடந்தே போகலாம். இரண்டில் எதைச் செய்தாலும் ஊர் மனதில் பதிந்துவிடுகிறது.

2006இல் அதே வரிசையின் அடுத்த விளையாட்டான ஆப்லிவியன், திரையில் தெரியும் காம்பஸில் (திசைகாட்டியில்) அம்பைப் பொருத்தியது. 2011இல் அதற்கடுத்து வந்த ஸ்கைரிம் அதைத் தொடர்ந்தது. ஸ்கைரிமின் ஜர்னலில் பல குவெஸ்ட்டுகள் (நாம் ஏற்கும் வேலைகள்) இன்னாரிடம் பேசு, இன்ன பொருளைக் கொண்டுவா என்ற அளவோடு முடிந்துவிடுகின்றன. மார்க்கர் வேண்டாம் என்பவர்கள் அணைத்துவிட்டு ஆடலாமே என்று சிலர் சொல்வது எனக்கு வியப்பாக இருக்கிறது. அணைத்தபின் எதை வைத்துத் தேடுவது? வேலை தருபவர் வழியைச் சொல்லவே இல்லையே.

குன்னூர்_நைட்ஷிப்ட்

நண்பரே, மாரோவிண்டின் ஜர்னலை நீங்கள் நினைவிலிருந்து புகழ்கிறீர்கள் என்று ஐயப்படுகிறேன். முதலில் வந்த வடிவத்தில் அது வெறும் தேதிவாரியான நாட்குறிப்பு. ஒரே நேரத்தில் பல வேலைகளை ஏற்றுக்கொண்டால் எல்லாவற்றின் குறிப்புகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். எந்த வேலை எங்கே நின்றது என்று அறியப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். அதே ஆண்டின் இறுதியில் ட்ரிப்யூனல் விரிவாக்கம் வந்தபோதுதான் குவெஸ்ட் வாரியாகப் பார்க்கும் வசதி சேர்ந்தது. தயாரித்தவர்களே திருத்த வேண்டியிருந்த ஒன்றை இலட்சியமாகக் காட்டுவது எப்படிப் பொருந்தும்?

தொடக்கத்திலேயே வரும் ஆர்க்ன்தாண்ட் இடிபாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே போகும் வழி ஒழுங்காகச் சொல்லப்படுகிறது. ஆனால் உள்ளே அலமாரியில் கிடக்கும் சிறிய புதிர்ப்பெட்டியைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறியவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அதை ஆய்வுணர்வு என்று நான் ஏற்க மாட்டேன். பணி முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பி, கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் விளையாட உட்காருபவனுக்கு அது வீணான நேரம்.

இன்னொன்றும் உண்டு. நான் ஆடிய பெரிய ஆர்பிஜி எதிலும் தமிழ் இல்லை. ஆங்கிலத்தில் நீண்ட பத்தியைப் படித்து, கிழக்கு மேற்கைப் பிரித்தறிந்து நடப்பது, அந்த மொழியில் தடுமாறும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டின் வாசலையே அடைப்பதாகும். மார்க்கருக்கு மொழி தேவையில்லை.

கூடலூர்_மழைக்காலம்

இருவரும் திரையில் தெரிவதைப் பற்றியே வாதிடுகிறீர்கள். தயாரிப்பில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மாரோவிண்டின் உரையாடலில் பெரும்பகுதி எழுத்தாக மட்டுமே வரும். ஒரு பாறைக்கு இடப்புறம் திரும்பு என்ற வரியைச் சேர்க்கவோ மாற்றவோ தட்டச்சு போதும். ஆப்லிவியனில் எல்லாப் பாத்திரங்களும் வாய்திறந்து பேசத் தொடங்கின. குரல் பதிவானபின் வடிவமைப்பாளர் குகையை வேறு பக்கம் நகர்த்தினால் பதிவான வரி பொய்யாகிவிடும். மார்க்கரோ குகையோடு சேர்ந்து தானே நகர்ந்துகொள்ளும்.

ஸ்கைரிமில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் ரேடியன்ட் முறையில் விளையாட்டே பல இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பணியை நிரப்புகிறது. எந்தக் குகை வரும் என்று எழுதுபவருக்கே தெரியாதபோது, ஆற்றைக் கடந்து வலப்புறம் திரும்பு என்று யார் எழுதுவது? ஆகவே மார்க்கர் வந்ததால் எழுத்து மெலிந்தது என்பதைவிட, வழியை எழுத முடியாத முறையில் விளையாட்டைக் கட்டியதால் மார்க்கர் இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தது என்பதே சரி.

கோத்தகிரி_சில்வர்ஓக்

கூடலூர் நண்பர் சொன்ன காரணத்தை ஏற்கிறேன். ஆனால் காரணம் இருப்பதால் இழப்பு இழப்பில்லை என்றாகிவிடாது. மார்க்கர் இடத்தைக் காட்டுகிறதே தவிர வழியைக் காட்டுவதில்லை. உதகையிலிருந்து மசினகுடிக்கு நேர்கோட்டில் அம்பு போட்டால் அது எங்கே கிடக்கிறது என்று தெரியும். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி அந்த அம்பு ஒன்றும் சொல்லாது. ஸ்கைரிமில் செங்குத்துப் பாறையில் குதிரையை ஏற்றிய எல்லோரும் இந்த அம்பை நம்பியவர்கள்தான். அதே விளையாட்டில், போக வேண்டிய வழியைத் தரையில் ஒளிக்கோடாகக் காட்டும் கிளேர்வாயன்ஸ் என்று ஒரு மந்திரமும் இருக்கிறது. அம்பு மட்டும் போதாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

நேரம் குறைந்தவர்களுக்கு மார்க்கர் என்ற வாதமும் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. சில வாரங்கள் விட்டுப்போன விளையாட்டைத் திறக்கும்போது மார்க்கர் அங்கே போ என்கிறது. எதற்காகப் போக வேண்டும் என்பதை ஜர்னல்தான் நினைவூட்ட வேண்டும். 2015இல் வந்த விட்சர் 3 அதை அழகாகச் செய்தது: குறிப்புகளெல்லாம் கதாநாயகனின் நண்பனான டேண்டலியன் என்ற பாணன் எழுதியவை போன்ற நடையில் இருக்கும். ஆனால் திரையோரச் சிறு வரைபடமான மினிமேப்பில் புள்ளிக்கோடு ஓடிக்கொண்டிருக்கையில் அதை எத்தனை பேர் படித்தார்கள்?

மாரோவிண்டின் அவதாரக் குகையையும் சொல்லியாக வேண்டும். ஊர்ஷிலாகு இனத்தாரிடம் கிடைக்கும் ஒரு புதிர்ப் பாட்டை அவிழ்த்தால்தான் அதன் இடம் தெரியும். இடம் தெரிந்தாலும் விடியலிலும் அந்தியிலும் மட்டுமே கதவு திறக்கும். அதன் மேல் ஒரு மார்க்கர் வைத்திருந்தால் அந்தக் குவெஸ்ட்டே இல்லை.

குன்னூர்_நைட்ஷிப்ட்

கல்லட்டியை எடுத்ததற்கு நன்றி. அது என் பக்கமும் பேசும். மூடுபனி இறங்கிய மாலையில், எல்லாச் சரிவும் ஒரே தேயிலையாகத் தெரியும் எஸ்டேட்டில், மூன்றாவது ஃபேக்டரி தாண்டி மேலே ஏறுங்கள் என்று வழி சொன்னால் வெளியூர்க்காரர் என்ன ஆவார்? மாரோவிண்டிலும் அதே நிலைதான். அந்தக் காலத்துக் கணினிகளின் சுமையைக் குறைக்கத் தொலைவை மூடுபனியால் மறைத்தார்கள். அருகில் போகும்வரை அடையாளம் எதுவும் கண்ணில் படாது. சொல்லும் வழி பயன்பட வேண்டுமென்றால் முதலில் நிலம் அதற்கேற்பக் கட்டப்பட்டிருக்க வேண்டும். 2017இல் வந்த பிரெத் ஆஃப் தி வைல்டில் மேடேறி நின்றால் கோபுரமும் எரிமலையும் தெரிகின்றன. பார்த்த இடத்தில் நாமே குறி வைத்துக்கொள்கிறோம். அங்கே நன்மை செய்தது நிலத்தின் அமைப்பு. ஜர்னலின் எழுத்து அதில் பெரிய பங்கு வகிக்கவில்லை.

உதகை_கல்லூரி_மாணவன்

இரண்டும் இல்லாத எல்டன் ரிங்கை ஏன் யாரும் எடுக்கவில்லை, அண்ணா? 2022இல் வெளிவந்த அதில் ஜர்னலே கிடையாது. கிரேஸ் என்ற ஒளிக்கீற்று முதன்மைப் பாதையைக் காட்டும். மற்றப் பாத்திரங்களின் கதைகளைத் தொடர நானும் என் நண்பர்களும் பக்கத்தில் செல்பேசியில் விக்கியைத் திறந்துவைத்தே ஆடினோம். வெளிவந்த மாதத்துக்கு அடுத்த மாதமே, சந்தித்த பாத்திரங்களை மேப்பில் குறிக்கும் வசதியைப் புதுப்பிப்பில் சேர்த்தார்கள்.

கூடலூர்_மழைக்காலம்

தம்பி சொல்வது இருவருக்கும் எதிரான சாட்சி. விளையாட்டு வழியும் சொல்லாமல் குறியும் வைக்காமல் விட்டால், ஆடுபவர் வேறொருவர் வைத்த குறியைத் தேடிப் போவார்.

2018இல் வந்த அசாசின்ஸ் கிரீட் ஒடிசி ஒரு நல்ல முயற்சி. எக்ஸ்ப்ளோரேஷன் முறையைத் தேர்ந்தெடுத்தால் மார்க்கர் வராது. இன்ன பகுதியில், இன்ன ஊருக்குத் தெற்கே, இன்ன இடத்துக்கு அருகில் என்று துப்புகள் மட்டும் வரும். பக்கத்தில் போனபின் இகாரோஸ் என்ற கழுகைப் பறக்கவிட்டு இடத்தை உறுதி செய்ய வேண்டும். மார்க்கரை அணைப்பது பொருளுள்ள செயலானது, அணைத்தவருக்காகவும் துப்புகளை எழுதி வைத்ததால்தான்.

குன்னூர்_நைட்ஷிப்ட்

அதற்கு நான் எதிரி அல்ல. ஒடிசியில் அந்தத் தேர்வை விளையாட்டின் அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) போய் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அதே 2018இல் வந்த கிங்டம் கம் டெலிவரன்ஸின் ஹார்ட்கோர் முறை அப்படியல்ல: மேப்பில் நாம் நிற்கும் இடம்கூடத் தெரியாது, அதற்காக விளையாட்டையும் புதிதாகத் தொடங்க வேண்டும். களைத்திருக்கும் நாளில் மார்க்கரை இட்டுக்கொள்ளவும், விடுமுறை நாளில் அணைக்கவும் எனக்கு உரிமை வேண்டும். கோத்தகிரி நண்பருக்கு ஹார்ட்கோர்தான் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கோத்தகிரி_சில்வர்ஓக்

ஆம், பிடிக்கும். பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் முதல் தடுமாற்றத்திலேயே அழுத்திவிடுவேன். என்னை நான் அறிவேன். உங்கள் உரிமையைப் பறிக்கச் சொல்லவில்லை. எந்த முறையில் தொடங்கினாலும் வேலை தருபவர் வாயைத் திறந்து வழியைச் சொல்லட்டும், அது ஜர்னலில் பதியட்டும்; உங்கள் அம்பு அதன் மேல் நிற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தமிழில் அந்த வரிகள் வராதவரை நீங்கள் மொழியைப் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.