பேட்டில் ரப்பர் ஒட்டினேன், நடுவில் குமிழ்

ஞாயிறு ஆட்டக்காரன்:
டேபிள் டென்னிஸில் பத்து வருடம் ரெடிமேட் பேட்டில் ஆடிவிட்டு, இப்போதுதான் பிளேடும் (மரப் பகுதி) ரப்பரும் தனித்தனியாக வாங்கினேன். ரப்பருக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் 2.0 மி.மீ. தண்ணீர்ப் பசை போட்டு நானே ஒட்டினேன். கறுப்புப் பக்கம் பரவாயில்லை. சிவப்பில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் குமிழ். பந்து அங்கே பட்டால் ‘தொப்’ என்று செத்த சத்தம். பிரித்து மறுபடி ஒட்டலாமா? சைக்கிள் டியூப் சொல்யூஷன் போடு என்கிறான் நண்பன்.

பழைய பிளேடு:
பசை வெள்ளையாக இருக்கும்போதே ஒட்டியிருப்பீர்கள். முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். உள்ளே மாட்டிய ஈரத்துக்கு வெளியேற வழியில்லை, குமிழாக நிற்கிறது. தாராளமாகப் பிரிக்கலாம், ஓரத்திலிருந்து மெதுவாக. மரநார் கிளம்பினால் உடனே நிறுத்தி வேறு பக்கத்திலிருந்து உரியுங்கள். காய்ந்த பசையை விரலால் தேய்த்தால் அழிரப்பர் தூள் மாதிரி சுருண்டு வந்துவிடும்.

அப்புறம் மரத்தில் ஒரு பூச்சு, ஸ்பாஞ்சில் இரண்டு. அது பசையைக் குடித்துவிடும். இரண்டும் கண்ணாடி மாதிரி தெளியும் வரை தொடவே கூடாது. மழைக்காலத்தில் எனக்கு அரைமணி நேரம் ஆகிறது. பிறகு, எழுத்துள்ள ஓரத்தைக் கைப்பிடிக்கு மேலே பொருத்தி, ரப்பரை இழுக்காமல் அப்படியே படுக்க வையுங்கள். மேலே பூரிக்கட்டையை அதன் எடைக்கே உருட்டினால் போதும். நான் ஒருமுறை பலமாக அழுத்தி உருட்டி, அச்சாக வெட்டியும் விட்டேன். மறுநாள் ரப்பர் சுருங்கி, சுற்றிலும் மரம் எட்டிப் பார்த்தது. நீங்கள் ஏற்கெனவே வெட்டிவிட்ட ரப்பர் என்பதால் இதில் கூடுதல் கவனம்.

சொல்யூஷன் கதை பழசு. 1970களில் யூகோஸ்லாவிய வீரர் சுர்பெக்கும் ஹங்கேரி வீரர் கிளாம்பாரும் சைக்கிள் பசையில் ஒட்டிப் பார்த்து, பந்து பறப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதன் கரைப்பான் ஸ்பாஞ்சை ஊத வைத்து விறைப்பாக்கும். ஆனால் அந்த ஆவி உடம்புக்குக் கெடுதல். சர்வதேச ஆட்டங்களில் 2008 செப்டம்பரிலிருந்து தடை. வீட்டு ஆட்டம்தானே என்று போட்டாலும் மூக்கு உங்களுடையதுதான்.

கட்டையடி:
தச்சர்கள் போடும் வெள்ளைப் பசையை மட்டும் தொடாதீர்கள். நான் போட்டேன். ஆறு மாதம் கழித்து உரித்தால் ரப்பரோடு மேல் அடுக்கு மரமும் வந்துவிட்டது. அந்த பிளேடு இப்போது வீட்டில் தோசை மாவுச் சட்டிக்கு மூடி.

ஞாயிறு ஆட்டக்காரன்:
சிரித்துவிட்டேன். மூன்றாவது பூச்சும் போட்டால் இன்னும் வேகம் கிடைக்குமா?

பழைய பிளேடு:
எடைதான் கூடும். ரப்பர், ஸ்பாஞ்ச், பசை மூன்றும் சேர்ந்து ஒரு பக்கம் 4 மி.மீ.யைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதற்குள் நின்றாலும் தடித்த பசை மேடுபள்ளமாகத்தான் காயும்.

ஞாயிறு ஆட்டக்காரன்:
நேற்று இரவு மறுபடி ஒட்டினேன். இருபது நிமிடம் ஃபேனுக்கு அடியில் காய்ந்தது. குமிழ் இல்லை. கைப்பிடிப் பக்கம் மட்டும் நூலளவு கோணல். அதை யாரும் பார்க்கப் போவதில்லை, விட்டுவிட்டேன்.